‘உன்ஹைம்லிஷ்’ என்னும் ஜெர்மானியப் பெயரடை: பொருள், ஆட்சி, தமிழாக்கம்

முன்னுரை

மேலை இலக்கியத் திறனாய்வில் பயிலும் கலைச்சொற்கள் பெரும்பாலும் பெயர்ச்சொற்களாகவே நம்மை வந்தடைகின்றன. படிமம், குறியீடு, தொன்மம், நனவோடை என நாம் வகுப்பறையில் எடுத்தாளுவன எல்லாம் இவ்வகையின. இவற்றினின்று வேறுபட்டு, அன்றாடப் பேச்சில் வழங்கிய ஒரு பெயரடை கலைச்சொல்லாக உயர்ந்த வரலாறு ஒன்று உண்டு. ‘உன்ஹைம்லிஷ்’ என்பது அச்சொல். சிக்மண்ட் ஃப்ராய்டு 1919 ஆம் ஆண்டு ‘இமாகோ’ இதழில் வெளியிட்ட கட்டுரை இச்சொல்லைத் தலைப்பாகக் கொண்டது. பேய்க்கதை, இரட்டையர் கதை, உயிர்பெறும் பொம்மை, மீண்டும் மீண்டும் நிகழும் தற்செயல் முதலியவற்றை ஆராய்வோர் இன்றும் அக்கட்டுரையிலிருந்தே தொடங்குகின்றனர்.

தமிழில் இக்கருத்து பெரும்பாலும் ஆங்கில வழியாகவே அறியப்படுகிறது. அதனால் அமானுஷ்யம், திகில், விசித்திரம் ஆகிய சொற்களுள் ஒன்றை அதற்கு ஈடாக வைக்க முனைவது இயல்பு. இம்மூன்றும் மூலச்சொல்லின் உயிர்ப்பகுதியை இழந்துவிடுகின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஜெர்மானியச் சொல்லின் நடுவில் இருப்பது வீடு. நாம் இடும் சொற்களோ அச்சத்தை வீட்டிற்கு வெளியே கொண்டு நிறுத்துகின்றன. இவ்விழப்பு எங்ஙனம் நேர்கிறது என்பதையும், தமிழின் இயல்பான வளங்கள் இதனை ஈடுசெய்ய எவ்வளவு உதவும் என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1. சொல்லின் குடும்பம்

‘ஹைம்’ என்பது வீடு, இருப்பிடம் எனப் பொருள்படும் பெயர். ‘லிஷ்’ என்பது பெயரடையாக்கும் ஒட்டு. ‘உன்’ என்பது எதிர்மறை முன்னொட்டு. ஆகவே உறுப்புகளைப் பிரித்து நோக்கின் ‘வீட்டுத்தன்மை இல்லாத’ என்னும் பொருள் கிடைக்கும். இப்பிரிப்பு எளிது. சிக்கல் எதிர்மறையில் இல்லை, உடன்பாட்டில் உள்ளது.

‘ஹைம்லிஷ்’ என்னும் உடன்பாட்டுச் சொல் பழைய வழக்கில் வீட்டைச் சேர்ந்த, பழகிய, இதமான என்னும் பொருள்களைத் தந்தது. காட்டு விலங்கிற்கு மாறாக மனிதரோடு பழகிய விலங்கையும் இச்சொல்லால் குறித்தனர். காலப்போக்கில் இதே சொல் மறைவான, கமுக்கமான என்னும் பொருளையும் ஏற்றது. இவ்விரு பொருள்களும் முரண்பட்டவை போலத் தோன்றினும் ஒரே இடத்திலிருந்து கிளைத்தவை. வீட்டிற்குள் இருப்பது வீட்டாருக்குப் பழக்கமானது. வெளியில் நிற்பவருக்கோ அது மறைக்கப்பட்டது. உள்ளே இருப்பவர் கண்ணும் வெளியே இருப்பவர் கண்ணும் ஒரு சொல்லுக்குள்ளேயே குடியிருக்கின்றன. ‘கெஹைம்’ என்னும் உறவுச்சொல் இவ்வழியே சென்று, இன்று இரகசியம் என்னும் பொருளை மட்டுமே தருகிறது. ‘ஹைமாட்’ என்னும் மற்றோர் உறவுச்சொல் சொந்த ஊர், தாயகம் என்னும் பொருளோடு நின்றது.

இன்றைய பொதுவழக்கு ஜெர்மன் மொழியில் ‘ஹைம்லிஷ்’ என்றால் மறைவான என்பதே முதற்பொருள். ‘ஹைம்லிஷ்’ என அடை பெற்ற காதலை நாம் தயக்கமின்றிக் ‘களவு’ எனலாம். இதமான என்னும் பொருளைக் குறிக்க இன்றைய ஜெர்மானியர் ‘கெம்யூட்லிஷ்’ போன்ற வேறு சொற்களை நாடுகின்றனர். எனவே ‘உன்ஹைம்லிஷ்’ என்பது இன்று ‘ஹைம்லிஷ்’ என்பதன் நேர் எதிர்ச்சொல்லாக வழக்கில் இல்லை. மறைவற்ற, வெளிப்படையான என்னும் பொருள் அதற்கு இல்லை. அது தனித்து நின்று, இனம் புரியாத அச்சத்தைத் தருகின்ற என்னும் பொருளையே உணர்த்துகிறது. வடிவத்தால் எதிர்மறை, பொருளால் தனிச்சொல் என்னும் இவ்விரட்டை நிலையே ஃப்ராய்டின் ஆய்விற்கு இடம் தந்தது.

2. வழக்கில் நான்கு நிலைகள்

இச்சொல்லின் ஆட்சியை நான்கு நிலைகளில் காணலாம்.

முதலாவது, பெயருக்கு முன் நின்று அதன் பண்பைச் சுட்டுவது. ‘உன்ஹைம்லிஷ்’ ஆன வீடு, தெரு, அமைதி, மனிதர் என்றெல்லாம் கூறுவர். இந்நிலையில் சொல்லானது பெயரின் பால், எண், வேற்றுமைக்கு ஏற்ப விகுதி பெறும். அச்சம் பொருளில் தங்கியிருப்பது போல இவ்வழக்கு காட்டும்.

இரண்டாவது, பயனிலையாக வருவது. ‘மிர் இஸ்ட் உன்ஹைம்லிஷ்’ என்பர். இதில் ‘மிர்’ என்பது ‘எனக்கு’ எனப் பொருள்படும் நான்காம் வேற்றுமை வடிவம். ‘நான்’ என்னும் எழுவாய் இத்தொடரில் இல்லை. உணர்வு தனக்கு நேர்கிறது. அதனைத் தான் செய்யவில்லை என்பது இலக்கணத்திலேயே பதிந்துள்ளது. தமிழருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. எனக்குப் பசிக்கிறது, எனக்குக் கூச்சமாக இருக்கிறது என்று நாம் நாள்தோறும் இவ்வமைப்பையே கையாளுகிறோம். ஆங்கிலத்தில் இதற்கு நேரான இயல்பான வழக்கு இல்லை. இவ்வொன்றில் தமிழ் ஆங்கிலத்தினும் ஜெர்மன் மொழிக்கு நெருக்கமானது என்பது கருதத்தக்கது.

மூன்றாவது, வெறும் மிகுதிப்பொருளில் வருவது. ஜெர்மன் மொழியில் பெயரடையே வடிவம் மாறாமல் வினையடையாகவும், மற்றொரு பெயரடைக்கு அடையாகவும் நிற்கும். ‘உன்ஹைம்லிஷ் ஷோன்’ என்றால் ‘மிக மிக அழகான’ என்று பொருள். அச்சம் முற்றும் தேய்ந்து அளவு மட்டும் எஞ்சுகிறது. ‘பாட்டு பயங்கரமாக நன்றாக இருந்தது’ என்னும் நம் பேச்சுவழக்கு இதற்கு நேர் இணை. ‘பயங்கரமாக’ என்று கூறும் இளைஞர் எவரும் அங்கே பயத்தை எண்ணுவதில்லை.

நான்காவது, பெயரடையே பெயராவது. அஃறிணைச் சுட்டான ‘தாஸ்’ என்பதைச் சேர்த்து ‘தாஸ் உன்ஹைம்லிஷே’ என்றால், அப்பண்புடைய பொருள் என்றாகிறது. ஃப்ராய்டின் தலைப்பு இதுவே. ‘உன்ஹைம்லிஷ்கைட்’ எனக் கூறின் அப்பண்பே பெயராகிறது. தமிழில் ‘கொடியது’ என்பதற்கும் ‘கொடுமை’ என்பதற்கும் உள்ள வேறுபாடு இது. மார்ட்டின் ஹைடெக்கர் 1927 இல் வெளியான ‘இருத்தலும் காலமும்’ என்னும் நூலில் இவ்விரண்டாம் வடிவத்தை எடுத்தாண்டு, பதற்றத்தில் மனிதன் உலகில் வீடற்றவனாக உணர்கிறான் என விளக்கினார். ஃப்ராய்டு ‘-து’ விகுதியை ஆராய்ந்தார், ஹைடெக்கர் ‘-மை’ விகுதியை ஆராய்ந்தார் என்று தமிழ் இலக்கணம் அறிந்தவர் சுருக்கமாக நினைவில் கொள்ளலாம். முன்னவருக்கு இது சில பொருள்களிலும் சில நேரங்களிலும் நேர்வது. பின்னவருக்கு மனித இருப்பின் அடிப்படை நிலை. இருவரையும் ஒரே தமிழ்ச்சொல்லால் மொழிபெயர்ப்பவர் இவ்வேறுபாட்டை அழித்துவிடுகிறார்.

3. ஃப்ராய்டின் அகராதி வாசிப்பு

ஃப்ராய்டுக்கு முன்னரே எர்ன்ஸ்ட் யெண்ட்ஷ் 1906 இல் இவ்வுணர்வைப் பற்றி எழுதியிருந்தார். ஒரு பொருள் உயிருடையதா உயிரற்றதா எனத் துணிய இயலாத அறிவுத் தடுமாற்றமே இவ்வுணர்விற்குக் காரணம் என்பது அவர் கருத்து. மெழுகுப் பொம்மை, தானியங்கி ஆகியவற்றை அவர் சான்றாக்கினார். ஃப்ராய்டு இதனைப் போதாதென ஒதுக்கி, அகராதிகளின் பக்கம் திரும்பினார். டேனியல் ஸாண்டர்ஸின் 1860 ஆம் ஆண்டு அகராதியிலிருந்து நீண்ட பகுதியை அப்படியே எடுத்துத் தந்தார். பின்னர் கிரிம் அகராதியையும் துணைக்கழைத்தார். ‘ஹைம்லிஷ்’ என்னும் சொல் வளர்ந்து வளர்ந்து இறுதியில் தன் எதிர்ச்சொல்லோடு ஒன்றாகிவிடுகிறது என்பது அவர் கண்ட முடிவு. மறைந்திருக்க வேண்டியது வெளிப்பட்டுவிடும்போது எழுவதே இவ்வுணர்வு என்னும் ஷெல்லிங்கின் கருத்தை அகராதி வழியே பெற்றுத் தம் கொள்கைக்குத் தூணாக்கினார். ஒருகாலத்தில் நன்கறிந்து பின் அடக்கப்பட்ட ஒன்று மீண்டெழுவதே உன்ஹைம்லிஷ். ‘உன்’ என்னும் முன்னொட்டே அடக்குதலின் அடையாளம் என்று முடித்தார்.

இவ்வாதத்தின் கவர்ச்சி பெரிது. எனினும் இதனை அப்படியே ஏற்பதற்கில்லை. ஸாண்டர்ஸ் தரும் எடுத்துக்காட்டுகளுள் மிகச் சிறந்தது கார்ல் குட்ஸ்கோவின் எழுத்திலிருந்து எடுக்கப்பட்ட ஓர் உரையாடல். ஒரு குடும்பத்தாரைப் பற்றி இருவர் பேசுகின்றனர். அவர்கள் புதையுண்ட ஊற்று அல்லது வற்றிய குளம் போன்றவர்கள். அதன்மேல் நடக்கும்போதெல்லாம் நீர் எந்நேரமும் மேலெழும் என்று தோன்றிக்கொண்டே இருக்கும் என்கிறார் ஒருவர். இவ்வியல்பையே ஒருவர் ‘ஹைம்லிஷ்’ என்கிறார். மற்றவர் தம் பக்கத்தில் இதனை ‘உன்ஹைம்லிஷ்’ என வழங்குவதாகக் கூறுகிறார்.

ஃப்ராய்டுக்கு இது சொல் தன் எதிர்ச்சொல்லாக மாறியதற்குச் சான்று. ஆயின் உரையாடலை உரையாடலாகவே வாசிப்பின் வேறொன்று புலப்படும். இங்கே பேசுபவர் இருவர். ஒருவர் ‘மறைவானவர்கள்’ என்று அக்குடும்பத்தைக் கூறுகிறார். மற்றவர் அம்மறைவு தம்முள் எழுப்பும் உணர்வைக் கூறுகிறார். முதற்சொல் அவர்களைப் பற்றியது. இரண்டாவது சொல் பேசுபவரைப் பற்றியது. சொல் தன்னைத்தானே எதிர்த்துக்கொள்ளவில்லை. நிற்கும் இடம் மாறியிருக்கிறது. மேலே கண்ட நான்காம் வேற்றுமை வழக்கு இதனை உறுதிப்படுத்தும். ‘அவர் எனக்கு உன்ஹைம்லிஷ்’ என்பது அம்மொழியில் இயல்பான தொடர். ‘எனக்கு’ என்னும் சொல்லை நீக்கி, பெயரடையைத் தனியே அகராதியில் வைத்து ஆராய்ந்ததால்தான் முரண் சொல்லுக்குள்ளேயே இருப்பதாகத் தோன்றியது.

ஃப்ராய்டுக்கு இவ்வகை முரண்களில் முன்பே ஈடுபாடு இருந்தது. கார்ல் ஆபெல் என்பார் 1884 இல் எழுதிய சிறுநூலை மதிப்பிட்டு 1910 இல் அவர் எழுதிய கட்டுரை, ஆதிச்சொற்கள் இரு முரண்பட்ட பொருள்களைத் தாங்கியிருந்தன என்னும் கருத்தைப் போற்றியது. மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்ட் 1956 இல் இதனை மறுத்தார். ஆபெல் காட்டிய சான்றுகள் மொழி வரலாற்று ஆய்வில் நில்லா என்பது அவர் கண்ட குறை. 1919 ஆம் ஆண்டுக் கட்டுரையையும் இம்மறுப்பை நினைவில் கொண்டே வாசிப்பது நலம். தேய்ந்த மிகுதிப்பொருள் வழக்கிற்கு ஃப்ராய்டின் வாதத்தில் இடமே இல்லை என்பதும் நோக்கத்தக்கது. தம் கொள்கைக்கு உதவும் பொருள்களையே அவர் அகராதியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

இத்தனைக்கும் பின், கட்டுரையின் இலக்கிய நுண்ணுணர்வு குன்றவில்லை. ஹோஃப்மனின் ‘மணல் மனிதன்’ (1816) என்னும் கதையை அவர் வாசிக்கும் முறை இதற்குச் சான்று. அக்கதையில் யெண்ட்ஷ் கருத்தூன்றியது ஒலிம்பியா என்னும் பொம்மைப் பெண்ணிடம். ஃப்ராய்டு கருத்தூன்றியது குழந்தைகளின் கண்ணைப் பறிக்கும் மணல் மனிதனிடம். இவ்விரண்டையும்விட வீட்டைப் பற்றிய செய்தி ஒன்று கதையில் அழுத்தமாக உள்ளது. சிறுவன் நத்தானியேல் அஞ்சும் கொப்பேலியஸ் எங்கிருந்தோ வந்த பூதம் அல்லன், தந்தையின் நண்பன், அவ்வீட்டில் உணவருந்துபவன். தந்தை உயிரிழப்பதும் தன் வீட்டு அறையிலேதான். கதையின் அச்சம் வாயிற்படிக்கு உட்புறத்தில் நிகழ்கிறது. மூலச்சொல்லில் ‘ஹைம்’ இருப்பதன் பொருளை இக்கதை தானே விளக்கிவிடுகிறது.

ஃப்ராய்டு தம் வாழ்விலிருந்து அடிக்குறிப்பில் தரும் நிகழ்ச்சியும் இத்தகையதே. இரயிலில் பயணம் செய்யும்போது, வண்டி குலுங்கியதில் கதவு ஒன்று திறக்க, இரவு உடையணிந்த முதியவர் ஒருவர் தம் அறைக்குள் நுழைவதைக் கண்டார். வழிதவறி வந்தார் போலும் என்று எண்ணி எழுந்தார். கதவிலிருந்த கண்ணாடியில் தோன்றிய தம் உருவமே அது என்று பின்னர் புரிந்தது. அந்த முதியவரைத் தமக்குச் சிறிதும் பிடிக்கவில்லை என்று அவர் எழுதுகிறார். அயலான் என்று கண்டது தன்னையே.

4. பிற மொழிகளில் நேர்ந்தது

ஃப்ராய்டே தம் கட்டுரையில் இலத்தீன், கிரேக்கம், ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் முதலிய மொழிகளில் ஈடான சொற்களைத் தேடினார். அரபு, ஹீப்ரு மொழிகளையும் குறிப்பிட்டார். இந்திய மொழி எதுவும் அப்பட்டியலில் இல்லை.

அலிக்ஸ் ஸ்ட்ரேச்சி 1925 இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு ‘அன்கேனி’ என்னும் சொல்லைத் தெரிந்தெடுத்தது. ஸ்காட்லாந்து வழக்கிலிருந்து வந்த இச்சொல்லின் வேர், அறிதலைக் குறிப்பது, வீட்டைக் குறிப்பதன்று. இது மிகச் சரியான ஈடு அன்று என்பதை ஆங்கிலப் பதிப்பின் அடிக்குறிப்பே ஒப்புக்கொள்கிறது. 1933 இல் வெளியான பிரெஞ்சு மொழிபெயர்ப்பு ‘கலக்கம் தரும் அயன்மை’ எனப் பொருள்படும் தொடரை வைத்தது. பழக்கமானது அங்கே முற்றும் மறைந்தது. இத்தாலியர் ‘கலக்குவது’ எனப் பொருள்படும் சொல்லை ஆள்கின்றனர். ஒவ்வொரு மொழியும் மூலத்தின் ஒரு கூற்றைக் காத்து மற்றொன்றைக் கைவிட்டிருக்கிறது.

இச்சொல்லே மற்றொரு மொழிக்கு ஈடாக வைக்கப்பட்ட வரலாறும் உண்டு. சோஃபக்ளிஸின் ‘அன்டிகனி’ நாடகத்தில் மனிதனைப் பற்றிய புகழ்பெற்ற பாடலில் வரும் ‘டெய்னோன்’ என்னும் கிரேக்கப் பெயரடை அச்சம், வியப்பு, ஆற்றல் ஆகிய பொருள்களை ஒருங்கே தருவது. ஹோல்டர்லின் 1804 இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் அதற்கு ‘பேருருவான, அளப்பரிய’ எனப் பொருள்படும் வேறொரு சொல்லை இட்டார். ஹைடெக்கர் 1935 ஆம் ஆண்டு விரிவுரைகளில் ‘உன்ஹைம்லிஷ்’ என மாற்றினார். மனிதன் வீட்டைக் கடந்து செல்பவன் என்னும் தம் கருத்திற்கு அச்சொல் தேவைப்பட்டது. மொழிபெயர்ப்பவர் தெரிந்தெடுக்கும் பெயரடை ஒரு பாடலின் பொருளையே திருப்பிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

5. தமிழில் என் செய்வது?

‘அமானுஷ்யம்’ என்பது மனிதத் தன்மைக்கு அப்பாற்பட்டதைக் குறிக்கும். ஃப்ராய்டு காட்டுவதோ மனிதருள்ளும் வீட்டினுள்ளும் இருப்பது. ஆகவே இச்சொல் மூலத்திற்கு நேர்மாறான திசையைக் காட்டுகிறது. ‘திகில்’ அச்சத்தின் அளவைக் கூறும். அதன் பிறப்பிடத்தைக் கூறாது. ‘விசித்திரம்’ புதுமையைக் கூறும், பழமையைக் கூறாது. ‘வீடற்ற’ என நேர்பெயர்ப்பின் இருக்க இடமில்லாதவர் நினைவிற்கு வருவர்.

சங்கச் சொல்லான ‘அணங்கு’ மனத்தைக் கவர்வது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்திற்கு நிலைக்களனாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகிய நான்கைக் கூறுகிறது. முதல் மூன்றும் புறத்திலிருந்து வருவன. நான்காவதில் உள்ள ‘தம்’ என்னும் சொல் கருதத்தக்கது. தமக்கு உரியவரிடத்தும் அச்சம் பிறக்கும் என்பதை அது உணர்த்துகிறது. எனினும் அது தலைமைக்கு அஞ்சுதல், உன்ஹைம்லிஷ் அன்று. அணங்கோ தாக்கி வருத்தும் ஆற்றலுடையது. அச்சொல்லையே ஒற்றைப் பொருளில் அடக்கியதை வி. எஸ். ராஜம் 1986 இல் மறுத்து எழுதியமை நாம் அறிந்ததே. தன் பொருட்பரப்பைக் காக்கவே போராட வேண்டிய ஒரு சொல்லின்மீது ஃப்ராய்டையும் ஏற்றுவது முறையாகாது.

இன்னொரு கவர்ச்சியையும் இங்கே விலக்க வேண்டும். தமிழில் ‘இல்’ என்பது வீடு. ‘இல்’ என்பதே இன்மையும் ஆகும். வீடும் அதன் மறுப்பும் ஒரே ஒலியில் நிற்பதைக் கண்டு வியந்து, தமிழிலேயே ஃப்ராய்டின் கொள்கை அடங்கியுள்ளது என எழுதிவிடலாம். இது ஒலியொப்புமையே அன்றிப் பொருள் வளர்ச்சி அன்று. ஃப்ராய்டின் அகராதி வாசிப்பில் நாம் கண்ட குறையை நாமே செய்தல் தகாது.

பயனிலை வழக்கிற்கு நம் பேச்சுத்தமிழ் செம்மையான ஈட்டைத் தருகிறது. ‘எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது’ என்னும் தொடரில் நான்காம் வேற்றுமையும் உண்டு. காரணம் கூறவியலாத தயக்கமும் உண்டு. கதை மாந்தர் கூற்றில் இதனைத் துணிந்து ஆளலாம். மிகுதிப்பொருளுக்குப் ‘பயங்கரமாக’ என்பது போதும். ஃப்ராய்டின் கலைச்சொல்லுக்கு ‘அகத்தெழும் அச்சம்’ என்னும் தொடரைப் பரிந்துரைக்கலாம். அகம் என்பது வீடு, உட்புறம், மனம் ஆகிய மூன்றையும் குறிப்பது. ‘ஹைம்’ என்னும் வேரிலிருந்து கிளைத்த பழக்கமும் மறைவும் இதனுள் அடங்கும். அகத்திணை நினைவு குறுக்கிடும் என்பது இதன் குறை. எனவே முதலில் ஆளுமிடத்தில் மூலச்சொல்லையும் விளக்கத்தையும் உடன் தருதல் வேண்டும். ஹைடெக்கரின் ‘-மை’ வடிவத்திற்கு ‘வீடின்மை உணர்வு’ போன்ற வேறு தொடரே பொருந்தும்.

சொல் மாறினால் வாசிப்பும் மாறும். புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை (1943) அமானுஷ்யக் கதை எனப் பெயரிட்டால் அவள் பேயா அல்லளா என்னும் வினாவோடு வகுப்பு முடிந்துவிடும். அகத்தெழும் அச்சம் எனக் கொண்டால் வேறு வினாக்கள் எழும். அவளை வீட்டு வேலைக்கு அமர்த்துபவள் மனைவி. ஐயுறுபவன் கணவன். ஒரே கூரையின்கீழ் ஒருவருக்கு இதமாக இருப்பது மற்றவருக்கு அச்சமாவது ஏன்? குட்ஸ்கோவின் உரையாடலில் இருவர் நின்ற இரு இடங்கள் இங்கே கணவனும் மனைவியுமாக நிற்கின்றன. அவள் யார் என்பதைக் கதை இறுதிவரை துணிந்து கூறாமைக்கும் இவ்விரு பார்வைகளே காரணம் எனலாம்.

முடிவுரை

ஒரு பெயரடையின் பொருளை அதன் வேரிலோ அகராதியிலோ மட்டும் தேடுதல் போதாது. அது எந்நிலையில் நிற்கிறது, யாருக்கு அவ்வாறு தோன்றுகிறது என்பனவற்றையும் காண வேண்டும். ‘உன்ஹைம்லிஷ்’ என்பதன் வழக்கில் ‘எனக்கு’ என்னும் சொல் வெளிப்படையாகவோ தொக்கோ நிற்கிறது. ஃப்ராய்டு அதனைப் பெயராக்கியபோது அச்சொல் மறைந்தது. ஆங்கிலம் வழி வந்தபோது வீடும் மறைந்தது. இவ்விரண்டையும் மீட்டுத்தரும் இலக்கணமும் சொல்வளமும் தமிழில் உள்ளன. மேலைக் கோட்பாடுகளைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஆங்கிலச் சொல்லுக்கு ஈடு தேடுவதோடு அமையாது, மூலமொழி வழக்கினையும் ஒருமுறை நோக்குவராயின் கலைச்சொல்லாக்கம் செம்மையுறும். மாணவர்களும் கதையில் பேயைத் தேடுவதை விடுத்து, அது வீட்டினுள் எவ்வாறு நுழைந்தது என்று வினவத் தொடங்குவர்.